வெளிநாட்டுத் துணையோடு ஐரோப்பாவில் குடியேறுதல்: இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு கையில் பிரெஞ்சு, ஜேர்மன், டச்சு, டேனிஷ் போன்ற ஐரோப்பியக் குடியுரிமை. மறு கையில் இலங்கை, கனடா, பிரித்தானியா போன்ற இன்னொன்று. கணவனிடமோ மனைவியிடமோ ஐரோப்பியக் கடவுச்சீட்டு கிடையாது. இப்படி உள்ளவர்கள் ஐரோப்பிய நாடொன்றுக்குக் குடிபெயரும்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கட்டணங்களும் படிவங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் அன்று அந்தந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருக்கிறது. துணையை எந்த நாட்டுக்கும் கூட்டிப்போகலாமா?

போகிற நாடு எது என்பதைப் பொறுத்தது. உங்களுக்குக் குடியுரிமை உள்ள நாட்டுக்கே போனால், துணையின் விண்ணப்பத்தை அந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும். வேறொரு உறுப்பு நாட்டுக்குப் போனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 பணிப்புரை (உறுப்பு நாடுகள் எல்லாம் பின்பற்ற வேண்டிய பொதுச் சட்டம்) தீர்மானிக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் இலங்கை மனைவியோடு ஜேர்மனியில் குடியேறினால் மொழிப் பரீட்சையும் கிடையாது, வீசாக் கட்டணமும் கிடையாது. ஜேர்மன் குடியுரிமை உள்ளவர் அதே ஊருக்கு அதே நிலையில் உள்ள மனைவியைக் கூப்பிட்டால், மனைவி முதலில் ஏ1 என்ற தொடக்க நிலை ஜேர்மன் மொழிச் சான்றிதழ் எடுத்துவர வேண்டும்.

சொந்த நாட்டுக்காரருக்குக் குறைந்த உரிமை, அயல்நாட்டுக்காரருக்குக் கூடிய உரிமை என்பது நியாயமாகப் படாமல் இருக்கலாம். ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான பதில்கள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

பணிப்புரை 27 உறுப்பு நாடுகளிலும், நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகிய மூன்றிலும் செல்லும். சுவிஸ் தனி. அங்கே 2002 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள ஆட்களின் சுதந்திர நடமாட்ட உடன்படிக்கை செல்லும். பலன் பெரும்பாலும் இதே போன்றதுதான், ஆனால் குடும்பத்துக்குப் பொருத்தமான வீடு இருப்பதையும் காட்ட வேண்டும். பிரித்தானியா இப்போது இந்த வட்டத்துக்கு வெளியே.

இரண்டு குடியுரிமையில் எதைக் காட்டி விண்ணப்பிப்பது?

ஐரோப்பியக் குடியுரிமையை. மற்றது உங்களிடம் இருப்பதைக் காரணம் காட்டி அதிகாரி இதை மறுக்க முடியாது. ஆர்ஜென்டீன, இத்தாலியக் குடியுரிமை இரண்டும் இருந்த ஒருவரை ஆர்ஜென்டீனராக மட்டுமே கருதுவோம் என்று ஸ்பெயின் சொன்னபோது, அது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1992இல் மிக்கெலெட்டி வழக்கில் தீர்த்தது. ஒரு உறுப்பு நாடு கொடுத்த குடியுரிமையை மற்ற உறுப்பு நாடு மேலதிக நிபந்தனை போடாமல் ஏற்க வேண்டும்.

ஐரோப்பியக் கடவுச்சீட்டிலும் மற்றக் கடவுச்சீட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். கல்யாணப் பதிவில் பழைய இலங்கைப் பெயர், பிரெஞ்சுக் கடவுச்சீட்டில் சுருக்கிய பெயர் என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு உத்தியோகபூர்வ ஆவணம் கேட்பார்கள். குடியுரிமை பெறும்போது பெயர் மாற்றியவர்கள் அந்த ஆணையின் பிரதியைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டு குடியுரிமையும் ஐரோப்பியக் குடியுரிமைதான். அப்படியென்றால்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிரெஞ்சும் ஜேர்மனும் இருக்கிறது, அதனால் ஜேர்மனியில் பிரெஞ்சைக் காட்டி இலகுவான வழியில் போகலாம் என்று நினைப்பார்கள். பிறந்ததிலிருந்து ஜேர்மனியை விட்டு வெளியே வாழாதவருக்கு அது முடியாது. 2011இல் மக்கார்த்தி வழக்கின் தீர்ப்பு அதுதான். பிரித்தானிய, அயர்லாந்துக் குடியுரிமை இரண்டும் இருந்தாலும் பிரித்தானியாவிலேயே வாழ்ந்துவந்தவர், அயர்லாந்துக் கடவுச்சீட்டைக் காட்டித் தன் கணவருக்கு ஒன்றியச் சட்ட உரிமை கேட்க முடியவில்லை. அவர் நடமாட்ட உரிமையை, அதாவது இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போய் வாழும் உரிமையை, பயன்படுத்தியதே இல்லை என்றது நீதிமன்றம்.

உண்மையாகவே ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு வந்து வாழ்ந்து, பிறகு வந்த நாட்டின் குடியுரிமையையும் எடுத்தவரின் நிலை வேறு. ஸ்பெயினிலிருந்து பிரித்தானியாவுக்குப் போய், 2009இல் பிரித்தானியக் குடியுரிமையும் பெற்ற ஒரு பெண்ணின் அல்ஜீரியக் கணவர் தொடர்ந்த லூனெஸ் வழக்கில் 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பணிப்புரை நேரடியாகச் செல்லாவிட்டாலும், ஒன்றிய ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி துணைக்கு உரிமை உண்டு. அதைவிடக் கடுமையான நிபந்தனை போடக்கூடாது என்று தீர்த்தார்கள். ஆகவே டென்மார்க்கிலிருந்து ஜேர்மனிக்கு வந்து வேலை செய்து, பின்னர் ஜேர்மன் குடியுரிமையும் எடுத்தவர், டேனிஷ் குடியுரிமையைக் கைவிடாதிருந்தால், குடியுரிமை எடுத்ததால் துணையின் உரிமையை இழந்துவிடவில்லை. விண்ணப்பத்தில் நீங்கள் எந்த ஆண்டு, எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை முகவரிப் பதிவோடு காட்டுங்கள். அதைக் காட்டாவிட்டால் கணினி உங்களை வெறும் ஜேர்மன் குடிமகன் என்றே காட்டும்.

என் இரண்டாவது குடியுரிமை இன்னும் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கடவுச்சீட்டு கையில் இருப்பதும் குடியுரிமை இருப்பதும் ஒன்றல்ல.

இலங்கைக் குடிமகன் விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை சட்டப்படி தானாகவே நீங்கிவிடும். 1987 முதல் இரட்டைக் குடியுரிமைக்கு வழி இருக்கிறது, ஆனால் அதற்கு விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பழைய அடையாள அட்டை அலுமாரியில் கிடப்பதால் ஒருவர் இரட்டைக் குடிமகன் ஆவதில்லை.

டச்சுக்காரர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். விரும்பி வேறு குடியுரிமை எடுத்தால் டச்சுக் குடியுரிமை பொதுவாக இழக்கப்படும். திருமணத் துணையின் நாட்டுக் குடியுரிமையை எடுப்பது போன்ற விதிவிலக்குகள் சில உண்டு. விதிவிலக்கால் இரண்டையும் வைத்திருப்பவரும், ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 13 ஆண்டுகள் வாழ்ந்து, இடையில் டச்சுக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்காவிட்டால் இழந்துவிடுவார். 2022 ஏப்ரலுக்கு முன் அந்தக் கெடு 10 ஆண்டுதான். நெதர்லாந்திலிருந்து லண்டனுக்கும் லெஸ்டருக்கும் பெயர்ந்த குடும்பங்கள் பல. பிரித்தானியா இப்போது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடு என்பதை அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். புதுக் கடவுச்சீட்டு எடுத்தால் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும்.

ஜேர்மனியில் 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமைக்குத் தடை இல்லை. ஆனால் அதற்கு முன் முன்னனுமதி பெறாமல் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ குடியுரிமை எடுத்தவர் அன்றே ஜேர்மன் குடியுரிமையை இழந்துவிட்டார். புதிய சட்டம் அதைத் திருப்பித் தராது. நோர்வேயில் இரட்டைக் குடியுரிமை 2020 ஜனவரி 1 முதலும், டென்மார்க்கில் 2015 செப்டெம்பர் 1 முதலும் அனுமதிக்கப்படுகிறது.

சந்தேகம் இருந்தால் வீட்டை விற்று வேலையை விடுவதற்கு முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தில் புதுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். குடியுரிமை போயிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

என்னிடம் இந்தியாவின் ஓசிஐ அட்டை இருக்கிறது. நானும் இரட்டைக் குடிமகனா?

இல்லை. ஓசிஐ என்பதன் விரிவு Overseas Citizen of India. பெயரில் குடிமகன் என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை ஆகாது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஐரோப்பிய நாட்டில் நீங்கள் அந்த நாட்டுக் குடிமகன் மட்டுமே, அதனால் மேலே சொன்ன சிக்கல்களில் பாதி உங்களுக்கு இல்லை. எதிர்த்திசையில் இந்தியாவுக்குப் போய் வாழ நினைத்தால், உங்கள் வெளிநாட்டுத் துணையும் ஓசிஐ கேட்கலாம். திருமணம் பதிவாகி, விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டு நிலைத்திருக்க வேண்டும்.

கோயிலில் தாலி கட்டிய கல்யாணம் செல்லுமா?

படங்கள் எத்தனை இருந்தாலும் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் செல்லாது. இலங்கையில் விவாகப் பதிவாளரிடமும், தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்த சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம். சமயச் சடங்கு ஒரு நாள், பதிவு வேறொரு நாள் என்றால் எந்தத் திகதியைப் படிவத்தில் எழுதுவது என்று குழம்பாதீர்கள். சான்றிதழில் திருமண நாள் என்று எது இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். விண்ணப்பத்தில் ஒரு திகதி, நேர்காணலில் இன்னொரு திகதி என்று வந்தால் சந்தேகம் அங்கேயே தொடங்கும்.

இலங்கைச் சான்றிதழை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் (ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்கச் செய்யும் சான்று முத்திரை) உடன்படிக்கையில் இருப்பதால் இந்தியச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை கிடைக்கும். ஆனால் ஜேர்மனி இந்தியாவின் சேர்க்கைக்கு ஆட்சேபம் தெரிவித்த நாடு. அதனால் இந்திய அப்போஸ்டில் அங்கே செல்லாது, தூதரகம் வழியாக ஆவணச் சரிபார்ப்பு நடக்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். மொழிபெயர்ப்பை, போகும் நாட்டில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்வதே பாதுகாப்பு. ஊரில் செய்த மொழிபெயர்ப்பைத் திருப்பி அனுப்பி, மறுபடி செய்யச் சொல்வது வழக்கமாக நடக்கிறது.

நமக்கே உரிய தலைவலி பெயர். குடும்பப் பெயர் இல்லாமல் தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைக்கும் வழக்கம் ஐரோப்பியப் படிவத்துக்குப் புரியாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, கல்யாணப் பதிவில் மூன்றாவது என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே அதை நிரப்பிப் புதுக் கடவுச்சீட்டு எடுப்பது நல்லது. வதிவிட அட்டை, வங்கிக் கணக்கு, காப்புறுதி என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர் பதிந்தபின் திருத்துவதற்கு அலைச்சல் பல மடங்கு.

நாங்கள் கல்யாணம் செய்யவில்லை. சேர்ந்து வாழ்கிறோம்.

பணிப்புரை திருமணத் துணைக்கு உரிமையே தருகிறது. திருமணமாகாத துணைக்கு, உறவு நிலையானது என்று நிரூபித்தால், அனுமதியை "இலகுவாக்க வேண்டும்" என்று மட்டும் சொல்கிறது. மறுப்பதானால் சூழ்நிலையை ஆராய்ந்து காரணம் எழுத வேண்டும். அவ்வளவுதான். நிலையான உறவு என்றால் என்ன என்பதை நாடுகள் தாமே வரையறுக்கின்றன. நெதர்லாந்தில் குறைந்தது ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அயர்லாந்தில் இரண்டு ஆண்டுகளுக்கு.

பதிவுசெய்த கூட்டுவாழ்வு இடத்துக்கிடம் மாறும். போகும் நாடு அத்தகைய பதிவைத் திருமணத்துக்குச் சமமாக நடத்தினால்தான் திருமணத் துணைக்குள்ள உரிமை கிடைக்கும். பிரான்சில் பக்ஸ் எனப்படும் கூட்டுவாழ்வுப் பதிவு செய்துவிட்டு அது எங்கும் திருமணம்போலச் செல்லும் என்று எண்ண வேண்டாம். ஒரே பாலினத் திருமணத்தை, அதை உள்நாட்டில் ஏற்காத நாடும் வதிவிட உரிமைக்காக ஏற்க வேண்டும் என்று 2018இல் ருமேனியாவுக்கு எதிரான கோமன் வழக்கில் தீர்ப்பாயிற்று.

கல்யாணம் செய்ய எண்ணம் இருந்தால், குடிபெயர்வதற்கு முன் செய்துவிடுவதே எங்கள் ஆலோசனை. கோப்பு பாதியாகச் சுருங்கும்.

நுழைவதற்கு எந்த வீசா? சாதாரண சுற்றுலா வீசாவா?

துணைக்கு வீசா தேவைப்படும் நாட்டுக் கடவுச்சீட்டு என்றால், குடும்ப உறுப்பினருக்கான நுழைவு வீசா. படிவம் வழக்கமான ஷெங்கன் படிவம்தான், நிபந்தனை வேறு. சாதாரண விண்ணப்பதாரர் 90 யூரோ கட்டுகிறார், இது இலவசம். நட்சத்திரக் குறியிட்ட கட்டங்களை நிரப்பத் தேவையில்லை. வங்கிக் கணக்கு, ஹோட்டல் பதிவு, பயணக் காப்புறுதி, வேலைக் கடிதம் எதுவும் கேட்கக்கூடாது. காட்ட வேண்டியவை இவைதான்: துணையின் கடவுச்சீட்டு, உங்களுடைய ஐரோப்பியக் கடவுச்சீட்டின் பிரதி, கல்யாணச் சான்றிதழ், நீங்கள் கூடவே போகிறீர்கள் அல்லது ஏற்கெனவே அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கான ஆதாரம். விமானச் சீட்டு முன்பதிவோ, அங்கே உள்ள வேலை ஒப்பந்தமோ, நீங்கள் கையெழுத்திட்ட கடிதமோ போதும்.

நடைமுறையில் என்ன பிழைக்கிறது? விண்ணப்பம் வாங்கும் தனியார் மையத்தின் ஊழியருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம். அவர் வழக்கமான பட்டியலைக் கையில் கொடுத்து "வங்கிப் பத்திரம் எங்கே" என்பார். அந்த மையத்தின் வழியாகத்தான் வர வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தூதரகத்தில் நேரடியாகக் கொடுக்க உரிமை உண்டு. கோப்பின் முதல் தாளாக, "2004/38 பணிப்புரையின் 5ஆம் பிரிவின்படி ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினராக விண்ணப்பிக்கிறேன்" என்ற ஒரு பக்கக் கடிதத்தை, போகும் நாட்டின் மொழியிலோ ஆங்கிலத்திலோ வையுங்கள். அந்தக் கடிதம் இல்லாத கோப்பு சுற்றுலாக் கோப்புகளோடு கலந்து, ஊருக்குத் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லை என்ற காரணத்தோடு நிராகரிக்கப்படுவது உண்டு. குடியேறவே போகிற ஒருவருக்கு அந்தக் காரணம் பொருந்தவே பொருந்தாது.

துணை முன்பு வேறு நாட்டில் சட்டபூர்வமாக வாழ்ந்திருக்க வேண்டும் என்று சொன்னால் அதுவும் தவறு. 2008இல் அயர்லாந்தின் மெட்டொக் வழக்கோடு அந்த நிபந்தனை ஒழிந்தது.

வந்து இறங்கியபின் என்ன வரிசையில் செய்வது?

முதல் மூன்று மாதம் கடவுச்சீட்டைத் தவிர வேறு நிபந்தனை கிடையாது. அதற்குமேல் தங்க நீங்கள் வேலையில் இருக்க வேண்டும், அல்லது சுயதொழில் செய்ய வேண்டும், அல்லது போதிய பணமும் முழு மருத்துவக் காப்புறுதியும் வைத்திருக்க வேண்டும். மாணவராகவும் இருக்கலாம்; காப்புறுதி அப்போதும் தேவை.

ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குக் குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகரசபையில் இருவரும் முகவரி பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடிபுகல் உறுதிப்பத்திரம் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். உறவினர் வீட்டில் தங்கி, அந்த வீட்டுக்காரர் பத்திரம் தர மறுத்தால் மற்ற எல்லாம் நின்றுவிடும். பதிவு முடிந்ததும் வரி இலக்கம் தபாலில் வரும். ஒன்றியக் குடிமகனான உங்களுக்குத் தனிப் பத்திரம் எதுவும் தேவையில்லை, ஜேர்மனி அதை 2013இல் நிறுத்திவிட்டது. துணை மட்டும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அதற்கு எடுத்துப்போக வேண்டியவை: இருவரின் கடவுச்சீட்டு, மொழிபெயர்த்த கல்யாணச் சான்றிதழ், முகவரிப் பதிவுப் பத்திரம், உங்கள் வேலை ஒப்பந்தமும் வந்திருந்தால் சம்பளச் சீட்டும், காப்புறுதிச் சான்று, துணையின் பயோமெட்ரிக் புகைப்படம். விண்ணப்பம் கொடுத்த உடனே அத்தாட்சிப் பத்திரம் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். அட்டை ஆறு மாதத்துக்குள் வர வேண்டும் என்பது சட்டம். கட்டணம் உள்நாட்டவர் அதுபோன்ற ஆவணத்துக்குக் கொடுப்பதைவிடக் கூடக்கூடாது.

அட்டை வரும்வரை வேலை செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யலாம். உரிமை உறவிலிருந்து வருகிறது, அட்டையிலிருந்து அல்ல. முதலாளிக்கு அது விளங்காவிட்டால் மேற்சொன்ன அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டுங்கள்.

எவ்வளவு சம்பளம் வேண்டும்?

வேலையில் இருப்பவருக்குக் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை. வேலை உண்மையானதாக இருக்க வேண்டும், பெயருக்கு இருக்கக்கூடாது. வாரத்துக்கு ஐந்தரை மணிநேரம் சுத்திகரிப்பு வேலை செய்தவரையும் தொழிலாளி அல்ல என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது என்று 2010இல் கெஞ்ச் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அதை இலக்காக வைக்காதீர்கள். அரை நேர வேலையும் ஒழுங்கான சம்பளச் சீட்டும் இருந்தால் வாக்குவாதம் வராது.

வேலை இல்லாமல் சேமிப்பைக் காட்டுபவருக்கும் நாடுகள் நிலையான ஒரு தொகையை விதிக்க முடியாது. பொதுவாக அந்த நாட்டின் சமூக உதவித் தொகை அளவே அளவுகோல். பணம் துணையின் கணக்கிலிருந்து வந்தாலும் செல்லும். பயணக் காப்புறுதியை மருத்துவக் காப்புறுதியாகக் கொடுப்பதுதான் இந்த வழியில் அடிக்கடி நேரும் நிராகரிப்புக் காரணம்.

சொந்தக் குடியுரிமை நாட்டுக்கே போக வேண்டியிருக்கிறது. அவ்வளவு கடினமா?

நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் அதுவே நல்ல வழி.

பிரெஞ்சுக் குடிமகனின் துணைக்கு நீண்டகால வீசா இலவசம். வெளிநாட்டில் நடந்த கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும். தாமதம் ஆவது அங்கேதான். கல்யாணத்துக்கு முன்பே தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு அது விரைவாக முடியும். பிரான்சுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் வீசாவை இணையத்தில் செல்லுபடியாக்க வேண்டும்.

ஜேர்மனியில் ஏ1 சான்றிதழ் தொல்லைதான், ஆனால் கனடா, பிரித்தானியா, அமெரிக்கா போன்ற நாடுகளின் குடிமக்களான துணைக்கு விலக்கு உண்டு. ஏ1 முடித்து வந்தவருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஜேர்மன் குடிமகனின் துணை வழமையாக மூன்று ஆண்டில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். ஒன்றியச் சட்ட வழியில் ஐந்து ஆண்டு. மொழி கற்கத் தயாரானவருக்கு உள்நாட்டு வழி மோசமில்லை என்றே சொல்வோம்.

நெதர்லாந்தில் இருவருக்கும் 21 வயது, அழைப்பவருக்கு அடிப்படைச் சம்பளம், துணைக்குப் புறப்படுமுன் தூதரகத்தில் மொழியையும் நாட்டறிவையும் சோதிக்கும் குடியிணைவுப் பரீட்சை. டென்மார்க்கில் இருவருக்கும் 24 வயதாகியிருக்க வேண்டும் என்பதோடு வேறு நிபந்தனைகளும் வரிசையாக உண்டு.

பக்கத்து நாட்டில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பலாமாமே?

உண்மை. 1992இல் சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில் தொடங்கிய வழி இது. பிரித்தானிய மனைவியோடு ஜேர்மனியில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவருக்கு, போயிருந்த நாட்டில் இருந்த உரிமையைவிடக் குறைந்த உரிமையைச் சொந்த நாடு கொடுக்கக்கூடாது என்றார்கள். டச்சுக்காரர்கள் பெல்ஜியத்துக்கும், டேனிஷ்காரர்கள் கடல் தாண்டி சுவீடனின் மால்மோவுக்கும் போய் வந்தது இதனால்தான்.

2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. மூன்று மாதத்துக்கு மேல் உண்மையாக வசித்திருக்க வேண்டும். குடும்ப வாழ்க்கை அங்கே உருவாகியோ வலுப்பட்டோ இருக்க வேண்டும். வார இறுதிகளில் போய்வந்ததைக் கூட்டிச் சேர்த்தால் செல்லாது. மூன்று மாதமும் ஒரு நாளும் இருந்துவிட்டுத் திரும்புபவரை அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கட்டணம், சம்பளச் சீட்டு, வைத்தியர் பதிவு, வங்கிக் கணக்கில் அன்றாடச் செலவு, துணைக்கு அங்கே கிடைத்த வதிவிட அட்டை இவை எல்லாம் வேண்டும். பழைய நாட்டில் வீட்டையும் முகவரிப் பதிவையும் அப்படியே வைத்திருப்பதுதான் இந்தக் கோப்புகளைக் கவிழ்க்கும் முதல் காரணம்.

பேசிச் செய்த கல்யாணம். பொய்க் கல்யாணம் என்று சந்தேகிப்பார்களா?

பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணம் பொய்க் கல்யாணம் ஆகாது. ஒன்றியத்தின் வழிகாட்டலே இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. வதிவிட உரிமை பெறுவது மட்டுமே நோக்கமான திருமணத்தைத்தான் சட்டம் தடுக்கிறது, அதை நிரூபிக்கும் பொறுப்பும் அதிகாரிகளுடையது. ஆனாலும் இரண்டு முறை சந்தித்து மூன்றாம் முறை தாலி கட்டியதை விளங்கவைக்க ஆயத்தமாக இருங்கள். யார் சம்பந்தம் பேசினார்கள், நிச்சயதார்த்தம் எங்கே, யார் யார் வந்தார்கள், பிறகு எப்படித் தொடர்பில் இருந்தீர்கள் என்பதை இருவரும் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். கடவுச்சீட்டு முத்திரை, அழைப்புப் பதிவு, பணம் அனுப்பிய ரசீது உதவும். அலங்காரப் படம் முந்நூறைவிட உறவினரோடு நிற்கும் சாதாரணப் படம் பத்து மேல். காதல் கல்யாணம் என்று கதை கட்டுவதுதான் ஆபத்து. தனித்தனி அறையில் கேட்கும்போது அது நிற்காது.

பிள்ளைகளும் பெற்றோரும்?

உங்கள் பிள்ளைகளும் துணையின் முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகளும் 21 வயதுக்குள் என்றால் வரலாம். மற்றப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். 21க்கு மேல் என்றாலும், பெற்றோர், மாமன் மாமி என்றாலும், உங்களில் தங்கி வாழ்பவர் என்று காட்ட வேண்டும். ஊரில் இருக்கும்போதே அன்றாடத் தேவைக்கு உங்கள் பணம் தேவைப்பட்டது என்பதற்கு ஒழுங்கான வங்கி அனுப்புகைகள் வேண்டும். உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள்வழியாக) அனுப்பியதற்குத் தாள் இருக்காது. நீங்கள் மாணவராகப் போனால் பெற்றோரைக் கூட்டிப்போகும் உரிமை அப்படியே கிடைக்காது.

அட்டை கிடைத்தபின் எதைக் கவனிக்க வேண்டும்?

அட்டை பொதுவாக ஐந்து ஆண்டுக்கு. ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. பிள்ளைப்பேறு, கடும் நோய், படிப்பு போன்ற காரணத்துக்கு ஒருமுறை 12 மாதம்வரை இருக்கலாம். ஐந்து ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தால் நிரந்தர உரிமை. அதன்பின் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே போனால் அதுவும் போகும். அட்டையில் ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர் என்ற வாசகம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். உங்களோடு மற்ற உறுப்பு நாடுகளுக்கு வீசா இல்லாமல் போக அதுதான் உதவும். 2025 அக்டோபரில் தொடங்கிய எல்லைக் கைரேகைப் பதிவிலிருந்தும் அந்த அட்டைக்கு விலக்கு உண்டு.

பிரிந்தால் துணையின் உரிமை போய்விடுமா?

ஒரே வீட்டில் வாழாததால் மட்டும் போகாது. விவாகரத்துவரை அவர் சட்டப்படி துணைதான். விவாகரத்தின் வழக்கு தொடங்கும்போது திருமணம் குறைந்தது மூன்று ஆண்டு நீடித்து, அதில் ஓர் ஆண்டு அந்த நாட்டில் கழிந்திருந்தால், அவர் தன் காலில் நின்றால், தொடர்ந்து இருக்கலாம். பிள்ளைப் பராமரிப்பு, குடும்ப வன்முறை ஆகிய சூழல்களில் இந்தக் காலக்கெடு இல்லாமலும் உரிமை நிலைக்கும்.

பலருக்குத் தெரியாத பொறி ஒன்று இருக்கிறது. ஒன்றியக் குடிமகன் வழக்குத் தொடங்குமுன்பே நாட்டை விட்டுப் போய்விட்டால், விட்டுச்செல்லப்பட்ட துணையின் உரிமை அன்றே அறுந்துவிடலாம். 2015இல் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆகவே உறவு முறிகிறது என்று தெரிந்தால் துணை தாமதிக்காமல் சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். அழைத்துவந்தவரின் சட்டத்தரணியை அல்ல, தனக்கென்று ஒருவரை.

பிரித்தானியாவும் ஒன்றியமும் சேர்ந்த இரட்டைக் குடியுரிமை. லண்டனுக்குத் துணையைக் கூப்பிட வேண்டும்.

2021க்கு முன்பே நடமாட்ட உரிமையில் பிரித்தானியா வந்து, பின்னர் பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவரா? 2020 டிசெம்பர் 31க்குள் உங்கள் உறவு தொடங்கி இன்றும் நீடிக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் லூனெஸ் தீர்ப்பின் வழியில், ஒன்றியக் குடிமக்களுக்கான குடியேற்றத் திட்டத்தில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். அதற்குப்பின் செய்த கல்யாணம் என்றால் உள்நாட்டு வழிதான்: 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட், அல்லது ஆறு மாதம் அசையாமல் கிடந்த 88,500 பவுண்ட் சேமிப்பு, அதோடு ஆண்டுக்கு 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணம். லண்டனிலிருந்து புறப்பட்டு பிரான்சிலோ அயர்லாந்திலோ குடியேறுவது பலருக்குச் செலவு குறைந்த வழி. ஆனால் அயர்லாந்துக் கடவுச்சீட்டு உள்ளவர் அயர்லாந்தில் உள்நாட்டவர், முதல் கேள்விக்கான பதில் அவருக்கும் பொருந்தும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. இனி?

காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேன்முறையீட்டு முகவரியும் காலக்கெடுவும் அதில் இருக்க வேண்டும். அவசர நிலை தவிர நாட்டை விட்டு வெளியேறக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும். கடிதம் வந்த உறையைத் தபால் முத்திரையோடு பாதுகாத்து வையுங்கள். காலக்கெடுவைக் கணக்கிட அது தேவைப்படும். முதலில் பார்க்க வேண்டியது எந்தச் சட்டத்தின் கீழ் நிராகரித்தார்கள் என்பதை. ஒன்றியச் சட்டத்தில் கொடுத்த விண்ணப்பத்தை உள்நாட்டுச் சட்டத்தின் பிரிவைக் காட்டி மறுத்திருந்தால், அதுவே உங்கள் முறையீட்டின் வலுவான புள்ளி.

சொல்விட் என்ற ஒன்றியத்தின் இலவசச் சேவைக்கும் இணையத்தில் எழுதலாம். உங்கள் குடியுரிமை நாட்டின் அலுவலகம், பிழைசெய்த நாட்டின் அலுவலகத்தோடு பேசும். பத்து வாரத்துக்குள் தீர்ப்பது அவர்கள் இலக்கு. வீசா தாமதம், தவறான ஆவணம் கேட்டல் போன்றவற்றில் நன்றாக உதவுகிறார்கள். ஆனால் சொல்விட்டுக்கு எழுதியதால் மேன்முறையீட்டுக் காலக்கெடு நிற்காது. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாகிவிட்டால் சொல்விட் பொதுவாக விலகிக்கொள்ளும். ஆகவே நிராகரிப்பு வந்த வாரத்திலேயே அவர்களுக்கு எழுதிவிட்டு, முறையீட்டுக் கெடு முடிவதற்குள் சட்டத்தரணியிடம் கோப்பைக் கொடுங்கள்.